விளைதலும் செய்தலும்: கோடியக்கரை உப்பை முன்வைத்து ஒரு வினைச்சொல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தின் மிகுவழக்கு வினைகளுள் ஒன்று 'மேக்'. இதற்கு நிகராகத் தமிழில் 'செய்', 'ஆக்கு', 'உண்டாக்கு', 'உற்பத்தி செய்' ஆகியவை வழங்குகின்றன. உப்பைக் குறிக்கும்போது ஆங்கிலம் 'மேக்' என்னும் வினையையும், அதன் சட்டவழக்கான 'மேனுபேக்சர்' என்பதையும் ஆள்கிறது. அதே இடத்தில் தமிழ் சங்க காலந்தொட்டு 'விளை' என்னும் வினையை ஆண்டு வருகிறது. கோடியக்கரை, அகத்தியம்பள்ளி, வேதாரண்யம் பகுதியின் உப்பைச் சான்றாகக் கொண்டு இவ்விரு வினைகளின் பொருளையும் தோற்றத்தையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சங்கப் பாடல்கள், 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம், 1944ஆம் ஆண்டு மத்திய உற்பத்தி வரி மற்றும் உப்புச் சட்டத்தின் வரையறை ஆகியன தரவுகளாகின்றன. 'விளை' என்பது இயற்கையின் பங்கை ஏற்கும் வினை என்று போற்றுவதோடு ஆய்வு நின்றுவிட இயலாது. அவ்வினை உழைப்பவரை மறைக்கவும் கூடும் என்பதும், அம்மறைப்பைச் சங்கப் புலவரே 'செய்' என்னும் வினையால் ஈடுசெய்துள்ளனர் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: விளை, செய், எடு, உற்பத்தி, உப்பு, கோடியக்கரை, தன்வினை, பிறவினை, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே திரும்பும் முனையில் அமைந்த ஊர் கோடியக்கரை. முனை, கடைசி என்னும் பொருளுடைய 'கோடி' என்ற சொல்லே ஊர்ப்பெயரின் முதலில் நிற்கிறது. சுந்தரர் தேவாரத்தில் கோடிக்குழகர் தலமாகவும், கல்கியின் பொன்னியின் செல்வனில் கதைக்களமாகவும் இவ்வூர் இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளது. 1967இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இணைந்தது. பூநாரைகள் வலசை வரும் இதே சதுப்புநிலத்தின் விளிம்பில்தான் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன.

காவிரிப் படுகை நெல்லுக்குப் பெயர் பெற்றது. அப்படுகையின் தென்கிழக்குக் கோடியில் நெல்லின் இடத்தை உப்பு பெறுகிறது. ஆயினும் வினைச்சொல் மாறுவதில்லை. திருவாரூரில் நெல் 'விளைகிறது'. அகத்தியம்பள்ளியில் உப்பு 'விளைகிறது'. ஒன்று உயிருள்ள பயிர். மற்றொன்று உயிரற்ற படிகம். இரண்டையும் ஒரே வினையால் குறிக்கும் இவ்வழக்கை உருவகம் என்று கொள்வதா, அன்றி அவ்வினையின் இயல்பான பொருட்பரப்பு என்று கொள்வதா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. ஆங்கிலச் சட்டத்தின் வினை இந்நிலத்திற்கு வந்தபோது நேர்ந்த பொருள்மாற்றம் யாது என்பது இரண்டாவது வினா.

'மேக்' என்னும் வினையின் தோற்றமும் பொருளும்

'மேக்' என்பது பழைய ஆங்கிலத்தின் 'மகியன்' என்னும் வடிவிலிருந்து வந்தது. ஜெர்மன் மொழியின் 'மாகென்', டச்சு மொழியின் 'மாகென்' ஆகியன இதன் இனச்சொற்கள். இதற்கும் முற்பட்ட இந்தோ-ஐரோப்பிய வேரைப் 'பிசைதல்', 'உருக்கொடுத்தல்' என்னும் பொருளோடு தொடர்புபடுத்துவது மொழிநூலார் பலரின் கருத்து. களிமண்ணையோ மாவையோ கையால் பிசைந்து வடிவாக்கும் செயல் அவ்வேரின் அடியில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் ஒன்றை உருவாக்குதலைக் குறிக்க மிகுதியாக வழங்கியது இவ்வினையன்று. 'வொர்க்' என்பதன் முன்வடிவமே அப்பணியைச் செய்தது. இடைக்கால ஆங்கிலத்தில் 'மேக்' அவ்விடத்தைக் கைப்பற்றியது. இன்று உணவு, சட்டம், பணம், முடிவு, தவறு எனப் பருப்பொருளும் நுண்பொருளும் அதற்குச் செயப்படுபொருளாகின்றன.

இவ்வினையின் இலக்கண இயல்பு இங்குக் கருதத்தக்கது. அதன் அடிப்படை வழக்கில் செய்பவர் ஒருவர் வேண்டும். செய்யப்படும் பொருள் ஒன்று வேண்டும். அப்பொருள் செயலுக்கு முன் இல்லை, செயலுக்குப் பின் உண்டு என்னும் கருத்தும் அதனுள் அடங்கும். இலத்தீன் வழிவந்த 'மேனுபேக்சர்' என்பதும் இதற்கு இயைந்ததே. 'மனுஸ்' என்பது கை. 'பக்கெரே' என்பது செய்தல். சொல்லின்படி அது 'கைச்செயல்'. எந்திரத் தொழிற்சாலை பரவிய பின் கை மறைந்தது, சொல் நிலைத்தது.

இங்கிலாந்தின் செஷயர், வூஸ்டர்ஷயர் பகுதிகளில் நிலத்தடி உவர்நீரை நெருப்பிலேற்றிக் காய்ச்சியே நெடுங்காலம் உப்பு எடுத்தனர். விறகும் கலமும் ஆளும் இன்றி அங்கு உப்பு இல்லை. அத்தகைய தொழிலுக்குச் 'செய்தல்' பொருந்திய வினையே. ஆங்கிலமும் வெயிலில் உறையும் உப்பைப் பற்றிப் பேசும்போது 'அறுவடை' என்னும் பொருளுடைய சொல்லை ஆள்வதுண்டு. ஆகவே வேறுபாட்டை இரு மொழிகளின் மனப்பாங்கு என்று பொதுமைப்படுத்துவது பிழையாகும். எந்த வினை வழக்கில் மேலோங்கியது, எந்த வினை சட்டத்தில் ஏறியது என்பதே ஆராயத்தக்கது.

விளை: தன்வினையும் பிறவினையும்

'விளை' என்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான வேர். மலையாளத்தில் 'விள' என்பது பயிர்; 'விளயுக' என்பது விளைதல். கன்னடத்தில் 'பெளெ' என்பது பயிரையும் வளர்தலையும் குறிக்கிறது. தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாதலும், சொல்முதல் இகரம் எகரமாதலும் 'விலை', 'பெலெ' என்னும் இணையிலும் காணப்படும் முறையான ஒலிமாற்றங்களே.

தமிழில் இவ்வேர் இரு வாய்பாடுகளில் இயங்குகிறது. 'விளைந்தது' என்னும்போது தன்வினை. 'விளைத்தது' என்னும்போது பிறவினை. இன்றைய உரைநடையில் பிறவினைக்கு 'விளைவி' என்னும் வடிவம் மிகுந்துள்ளது. தன்வினையே இதன் அடிப்படை வழக்கு என்பதற்கு அதன் பொருள்நிரல் சான்றாகிறது. உண்டாதல், முதிர்தல், நிகழ்தல் என்னும் மூன்று பொருளிலும் செய்பவர் வெளிப்படையாக வேண்டப்படுவதில்லை. நெல் விளைகிறது, நன்மை விளைகிறது, பகை விளைகிறது. 'விளைவு' என்னும் பெயர் அறுவடையையும் குறிக்கும், ஒரு செயலின் பயனையும் குறிக்கும். நாட்டின் இலக்கணம் கூறும் குறட்பாவில் வள்ளுவர் முதலில் வைப்பது குறைவற்ற விளையுளையே. இன்றைய மருத்துவத் தமிழின் 'பக்கவிளைவு' என்பதிலும் அவ்வயற்சொல்லே தொடர்கிறது.

எனவே 'விளை' என்பது முதலில் பயிருக்கு உரியதாய் இருந்து, பின்னர் உருவகமாக உப்புக்கு நீட்டப்பட்டது என்று கொள்ளவேண்டிய தேவையில்லை. தகுந்த நிலமும் காலமும் கூடியபோது ஒரு பொருள் தோன்றி முதிர்ந்து கைக்கொள்ளும் நிலையை அடைவதே அதன் பொருள். நெல்லுக்கும் உப்புக்கும் அது ஒருங்கே பொருந்துகிறது. மனிதர் அச்செயலில் இல்லை என்று இவ்வினை கூறவில்லை. மனிதரை எழுவாயாக வைக்கவில்லை என்பதே உண்மை.

தமிழின் வேறு சில ஆக்கவினைகளும் இத்தகைய அமைப்புடையவை. 'ஆகு' என்னும் தன்வினையிலிருந்து 'ஆக்கு' பிறக்கிறது. டெல்டா வீடுகளில் சோறு 'ஆக்கப்படுவது' இவ்வினையால்தான். 'உண்டாகு' என்பதிலிருந்து 'உண்டாக்கு' பிறக்கிறது. பொருள் தானாகும் நிலை முதலில். அதை ஆகச் செய்யும் நிலை அடுத்தது. இவ்வரிசையில் 'செய்' மட்டும் வேறுபடுகிறது. அது அடிப்படையிலேயே செயப்படுபொருள் குன்றா வினை. அதே வடிவில் 'செய்' என்னும் பெயர் வயலைக் குறிப்பதும் உண்டு. நன்செய், புன்செய் என்னும் நிலவகைப் பெயர்கள் இன்றளவும் வருவாய்த்துறை வழக்கில் உள்ளன. வினையான 'செய்'யும் வயலான 'செய்'யும் ஒரே வேரினவா என்பதை வடிவொற்றுமை ஒன்றைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஆயினும் ஆக்கவினையும் விளைநிலமும் ஒரே ஒலிவடிவில் அருகருகே வழங்கும் மொழி இது என்பதை மொழிபெயர்ப்பாளர் மனங்கொள்ளல் வேண்டும்.

சங்க நெய்தலில் இரு வினைகள்

உப்பைப் பற்றிய சங்கப் பாடல்களில் 'விளை' பயில்வதை உரையாசிரியர்களும் ஆய்வாளர்களும் சுட்டியுள்ளனர். நற்றிணை 331ஆம் பாடலில் உலோச்சனார், உவர்நிலத்தில் விளையும் உப்பினையுடைய நெய்தல் மக்களை உழுதல் தொழில் இல்லாத உழவராகக் காட்டுகிறார். உமணரின் வண்டிகள் வரும் வரையில் அவர்கள் கானலில் குவித்துக் காக்கும் உப்புக் குவியல்களின் மீது மகளிர் ஏறி நின்று, கடலில் திரும்பும் படகுகளுள் தத்தம் தந்தையர் படகு எது எனச் சுட்டுகின்றனர். உப்புக்கு 'விளை' என்னும் வினையைத் தந்த புலவர், அதன் உரியவருக்கு 'உழவர்' என்னும் பெயரைத் தந்துள்ளார். உழவின் கருவி மறுக்கப்படுகிறது. உழவரின் தகுதி மறுக்கப்படவில்லை.

அம்மூவனார் பெயரில் அமைந்த இரு அகநானூற்றுப் பாடல்கள் இதனினும் நுட்பமான வேறுபாட்டைத் தருகின்றன. 390ஆம் பாடலில் உமணர் விற்கும் உப்பு, உவர்நிலத்தில் 'விளைந்த' உப்பு. 140ஆம் பாடலில் பரதவர் கழியிலுள்ள செறுவில் உழாமல் 'செய்த' உப்பு. ஒரே புலவர், ஒரே பொருள், ஒரே திணைச்சூழல். வினை மட்டும் வேறு. இரு பாடல்களிலும் உமணர் மகள் நெல்லுக்கு நேராக உப்பைக் கூறி விற்கிறாள் என்பது ஒப்புமையை மேலும் இறுக்குகிறது.

இவ்வேறுபாட்டை யாப்பின் தேவை என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் சூழலை நோக்கின் வேறு காரணமும் புலப்படுகிறது. 390இல் உப்பை விளைத்தவர் பாட்டினுள் இடம்பெறவில்லை; அங்கு உமணரின் நெடுவழிப் பயணமே முன்நிற்கிறது. உப்பு அவர்களுக்குக் கிடைத்த சரக்கு. எனவே 'விளை' போதுமானது. 140இலோ சிறுகுடிப் பரதவர் எழுவாயாக வந்துள்ளனர். அவர்களின் தொழிலைக் கூறவேண்டிய இடத்தில் 'செய்' வருகிறது. அதனோடு 'செறு' என்னும் வயற்பெயரும் வருகிறது. உழைப்பவர் பாட்டினுள் நுழையும்போது பிறவினைத் தன்மையுள்ள சொல் தேவைப்படுகிறது என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் படகுகள் உப்பை விற்று நெல்லைப் பெற்றுக் காவிரிப்பூம்பட்டினத்துக்குத் திரும்புகின்றன. காவிரிப் படுகையில் நெல்லும் உப்பும் ஒன்றையொன்று அளக்கும் பொருள்களாக இருந்தமைக்கு அது சான்று. ஒரே வினையைப் பகிர்ந்துகொண்ட இரு பொருள்கள் ஒரே சந்தையையும் பகிர்ந்துகொண்டன.

உப்பளத்தின் வினைகள்

வேதாரண்யம் பகுதியில் உப்பு எடுக்கும் முறையை நோக்கின் 'விளை'யின் பொருத்தமும் எல்லையும் தெளிவாகும். கடல்நீரில் உப்புகளின் அளவு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. அந்நீரைப் பரந்த தேக்கங்களில் நிறுத்தி வெயிலிலும் காற்றிலும் செறிவேற்றுகின்றனர். முதலில் சுண்ணாம்புச் சத்தும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. செறிவு ஏறத்தாழ 25 போமே அளவைத் தாண்டும்போது சமையல் உப்பு படிகமாகிறது. எஞ்சும் கசப்புநீரை உரிய காலத்தில் வெளியேற்றாவிடின் மக்னீசிய உப்புகள் கலந்து விளைச்சல் கெடும். பாத்தி கட்டுதல், வரப்பைக் காத்தல், தரையை மிதித்து இறுக்குதல், நீர் பாய்ச்சுதல், வாருதல், குவித்தல் என ஒவ்வொரு படியிலும் மனிதக் கை உண்டு. பாத்தி, வரப்பு, பாய்ச்சல் ஆகிய சொற்கள் நெல்வயலுக்கும் உரியவை என்பது வெளிப்படை.

பருவத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிரானவை. வடகிழக்குப் பருவமழையில் சம்பா நெல் வளர்கிறது. அதே மழையில் உப்புப் பாத்தி கரைகிறது. அறுவடை முடிந்து வயல் காயும் மாதங்களில் உப்பளம் தொழில் தொடங்குகிறது. ஒன்றன் விளைவுக்கு நீர் வரவேண்டும். மற்றொன்றன் விளைவுக்கு நீர் போகவேண்டும். 'விளை' குறிப்பது நீரையோ உயிரையோ அன்று; உரிய பருவத்தில் ஒரு பொருள் தன் முதிர்வை அடைதலையே என்பதற்கு இது வலுவான சான்று.

பாத்தி கட்டாத இடத்திலும் இங்கு உப்பு உண்டு. கோடை முற்றும்போது சதுப்பின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கிய உவர்நீர் வற்றி உப்புப் படலமாகிறது. அங்கே ஒருவர் செய்யக்கூடியவை அள்ளுதல், வாருதல், எடுத்தல் மட்டுமே. இவற்றுள் 'எடு' தனித்துக் கருதத்தக்கது. கிடப்பதைக் கையில் கொள்வதும் 'எடுத்தல்'. செக்கில் எண்ணெய் எடுத்தல், கூட்டில் தேன் எடுத்தல், கழியில் உப்பு எடுத்தல் என்பனவும் 'எடுத்தல்'. சேகரித்தலையும் உருவாக்கலையும் பிரிக்கும் கோட்டை இவ்வினை வரைவதில்லை. பொருள் முன்னரே எங்கோ உள்ளது, மனித முயற்சி அதை வெளிக்கொணர்கிறது என்பதே அதன் கருத்து.

சட்டத்தின் வினை

சேகரித்தலுக்கும் செய்தலுக்கும் இடையிலான கோடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. 1930இல் அது சிறைக்கு வழியாயிற்று. ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யம் வந்தடைந்தனர். வழியில் அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் அதை மீறி உதவினர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை அவர்களுக்குத் துணைநின்றார். ஏப்ரல் 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பை அள்ளினார். கைது செய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அள்ளுதல் எவ்வாறு குற்றமாகும்? உப்பின் மீதான அரசின் தனியுரிமை 'மேனுபேக்சர்' என்னும் சொல்லின் மீது கட்டப்பட்டிருந்தது. அச்சொல் அதன் இயல்பான பொருளில் நின்றிருந்தால், காய்ச்சுபவரையும் பாத்தி கட்டுபவரையும் மட்டுமே சட்டம் கட்டுப்படுத்தியிருக்கும். தானாகப் படிந்த உப்பை எடுப்பவர் தப்பியிருப்பார். ஆகவே சொல்லின் பொருளை வரையறையால் விரிக்கவேண்டியதாயிற்று. பிரித்தானிய இந்தியாவின் உப்புச் சட்டங்களில் வளர்ந்த இச்சிந்தனையின் முழுவடிவம் 1944ஆம் ஆண்டு மத்திய உற்பத்தி வரி மற்றும் உப்புச் சட்டத்தின் 2(எப்) பிரிவில் உள்ளது. உப்பைப் பொறுத்தவரை சேகரித்தல், அகற்றுதல், ஆயத்தம் செய்தல், ஊறவைத்தல், ஆவியாக்குதல், காய்ச்சுதல் ஆகிய ஒவ்வொன்றும், இயற்கையான உவர்ப்படிவுகளைத் தோண்டுதலும் அகற்றுதலும் 'மேனுபேக்சர்' என்பதனுள் அடங்கும் என்று அப்பிரிவு கூறிற்று.

மொழியியல் நோக்கில் இது வியப்புக்குரிய வரையறை. கையால் செய்தல் என்னும் பொருளுடைய சொல், செய்யப்படாத ஒன்றைத் தொடுதலையும் உள்ளடக்குமாறு நீட்டப்பட்டுள்ளது. இயற்கையின் பங்கு முற்றிலும் நீங்கி, குனிந்து ஒரு பிடி எடுத்தவரே அதை 'உருவாக்கியவர்' ஆகிறார். ஆங்கில வினை செய்பவர் ஒருவரை வேண்டுவது. சட்டத்துக்கும் பொறுப்பாளி ஒருவர் வேண்டும். இவ்விரண்டும் இங்கே ஒன்றுக்கொன்று துணையாயின. 'உப்பு விளைந்தது' என்னும் தொடரில் குற்றவாளி இல்லை. 'உப்பைச் செய்தார்' என்னும் தொடரில்தான் அவர் தோன்றுகிறார்.

1931 மார்ச் 5ஆம் நாள் ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்பாடு இக்கோட்டை மீண்டும் வரைந்தது. உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்களில் வாழ்வோர் தம் வீட்டுத் தேவைக்கும் அவ்வூருக்குள் விற்பனைக்கும் உப்பைச் சேகரிக்கவோ செய்யவோ இசைவளித்த அவ்வுடன்பாடு, இரு செயல்களுக்கும் தனித்தனி வினைகளை ஆண்டது. சட்டம் ஒன்றாக்கியதை உடன்பாடு இரண்டாகப் பிரித்துக் கூறியது. எனினும் 13 ஆண்டுகளுக்குப் பின் வந்த சட்டம் விரித்த பொருளையே மேற்கொண்டது. உப்புவரி 1947 ஏப்ரல் முதல் நீங்கிற்று. சட்டத்தின் பெயரிலிருந்து 'உப்பு' என்னும் சொல் 1996இல்தான் நீங்கிற்று.

'உற்பத்தி' என்னும் பெயர்ப்பு

இன்றைய தமிழ் ஆட்சிமொழியிலும் செய்தித்தாள்களிலும் 'உப்பு உற்பத்தி' என்பதே நிலைபெற்ற தொடர். 'உற்பத்தி' வடமொழியின் 'உத்பத்தி' என்பதன் தமிழ்வடிவம். மேலெழுதல், தோன்றுதல், பிறத்தல் என்பனவே அதன் பொருள். காவிரி குடகில் உற்பத்தியாகிறது என்னும் தொடரில் இப்பழம்பொருள் இன்றும் உயிரோடுள்ளது. அங்கே எவரும் காவிரியைச் செய்யவில்லை. ஆக, இச்சொல்லும் அடிப்படையில் தன்வினைத் தன்மை உடையதே. 'மேனுபேக்சர்', 'புரொடக்ஷன்' ஆகியவற்றின் நிகரனாக்கப்பட்டு, 'செய்' என்னும் துணைவினையும் சேர்க்கப்பட்ட பின் அது தொழிற்சாலைச் சொல்லாயிற்று.

இம்மாற்றத்தின் பயன் அரசமைப்பிலும் காணத்தக்கது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14ஆம் பதிவு. உப்பின் உற்பத்தி, வழங்கல், பகிர்வு ஆகியன ஒன்றியப் பட்டியலின் 58ஆம் பதிவு. டெல்டாவின் பேச்சில் ஒரே வினையில் நின்ற நெல்லும் உப்பும் சட்டத்தில் இருவேறு பட்டியல்களில் நிற்கின்றன. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நெல்லும் தென்னையும் உப்பளங்களும் ஒருங்கே அழிந்தன. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உணவுப்பயிர், எண்ணெய்வித்து, ஆண்டுவணிகப் பயிர், தோட்டப்பயிர் ஆகியவற்றை உள்ளடக்குவது. அதில் உப்புக்கு இடமில்லை. விளைந்தது அழிந்தது என்று இரு சாராரும் ஒரே வினையில் கூறினாலும், 'பயிர்' என்னும் பெயர் ஒரு சாராருக்கே உரியதாயிற்று.

வழக்கிலுள்ள ஒரு வினையைக் கொண்டு சட்டவகைப்பாட்டை மாற்றவேண்டும் என்று வாதிடுதல் இங்கு நோக்கமன்று. உப்பு பயிரன்று என்பதில் ஐயமில்லை. சட்டம் எதைத் தொழில் என்றும் எதை வேளாண்மை என்றும் பிரிக்கிறது என்பது பொருளின் இயல்பால் மட்டும் அமைவதில்லை. எந்த வினையால் அப்பொருள் கூறப்பட்டது என்பதாலும் அமைகிறது என்பதே இங்குச் சுட்டப்படுவது.

'விளை' மறைப்பது

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஆங்கில வினை இயற்கையை மறைக்கிறது, தமிழ் வினை இயற்கையை மதிக்கிறது என்னும் எளிய முடிவுக்கு வருதல் கூடும். திறனாய்வுக்கு அது போதாது. தன்வினைக்கும் ஒரு மறைப்பு உண்டு. 'உப்பு விளைகிறது' என்னும் தொடரில் பாத்தியை மிதித்தவர் இல்லை. நண்பகல் வெண்மையில் கண் கூசியவர் இல்லை. உவர்நீரில் காலின் தோல் வெடித்தவர் இல்லை. நிலவுடைமையாளரும் குத்தகையாளரும் 'இவ்வாண்டு உப்பு நன்கு விளைந்தது' என்று கூறும்போது, கூலிக்கு உழைத்தவர் இலக்கணத்திலேயே விடுபடுகிறார். நெல்லுக்கும் இது பொருந்தும். டெல்டாவின் வேளாண் தொழிலாளர் வரலாறு 'நெல் விளைந்தது' என்னும் தொடரின் பின்னே நெடுங்காலம் நின்றிருக்கிறது.

தற்காலப் புனைகதை இக்குறையை உணர்ந்துள்ளது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வைக் கூறும் ராஜம் கிருஷ்ணனின் நாவல் 'கரிப்பு மணிகள்' என்னும் தலைப்பைக் கொண்டது. 'மணி' என்பது நெல்மணியையும் குறிக்கும் சொல்லாதலால் விளைவின் மொழி அங்கே தொடர்கிறது. 'கரிப்பு' என்னும் அடை அவ்விளைவின் சுவையை மாற்றுகிறது. ஸ்ரீதர கணேசனின் நாவல் 'உப்பு வயல்' என்று பெயர் பெற்றுள்ளது. இரு தலைப்புகளும் உப்பைப் பயிராகவே காண்கின்றன. ஆனால் இரு நாவல்களின் உள்ளும் எழுவாயாக நிற்பவர் உப்பன்று, தொழிலாளர். அம்மூவனார் ஒரு பாட்டில் 'விளை'யும் மறுபாட்டில் 'செய்'யும் ஆண்டு வெளிப்படுத்திய வேறுபாட்டை, நவீன நாவல் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே நிகழ்த்துகிறது எனலாம்.

இந்நோக்கில், அகராதிக்கலையும் மொழிபெயர்ப்பும் செய்யவேண்டிய பணி ஒன்று உள்ளது. 'மேக்' என்பதற்கு நிகரன்களை வரிசைப்படுத்துவதோடு நில்லாமல், ஒவ்வொரு நிகரனும் செயலின் பொறுப்பை எவரிடம் வைக்கிறது என்பதையும் அகராதி சுட்டவேண்டும். 'விளை' நிலத்திடமும் காலத்திடமும் வைக்கிறது. 'எடு' பொருளுக்கும் கைக்கும் இடையே வைக்கிறது. 'காய்ச்சு' நெருப்போடு கூடிய கையிடம் வைக்கிறது. 'செய்' முழுவதும் செய்பவரிடம் வைக்கிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தைப் பற்றிய தமிழ் நூல்களில் 'உப்பு அள்ளினர்', 'உப்பு எடுத்தனர்', 'உப்புக் காய்ச்சினர்' என்னும் மூன்றும் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கப்படுகின்றன. கேட்போருக்கு மூன்றும் ஒரே நிகழ்வாகத் தோன்றலாம். அவற்றிடையே உள்ள வேறுபாட்டின் மீதுதான் 1930இன் வழக்கு நின்றது. காய்ச்சியவர் எந்த வரையறையின்படியும் சட்டத்தை மீறியவர். அள்ளியவரோ சட்டத்தை மீறியதோடு, சட்டம் 'செய்தல்' என்னும் சொல்லுக்குத் தந்த பொருளையும் ஏற்க மறுத்தவர். அகத்தியம்பள்ளியில் நிகழ்ந்ததை எழுதும் வரலாற்றாசிரியர் எந்த வினையை ஆள்கிறார் என்பது நடையழகைச் சார்ந்த தெரிவு மட்டுமன்று.

முடிவுரை

'மேக்' என்னும் ஆங்கில வினையும் 'விளை' என்னும் தமிழ் வினையும் ஒரே பொருளின் தோற்றத்தை இரு முனைகளிலிருந்து காண்கின்றன. முன்னது கையிலிருந்து தொடங்குகிறது; பின்னது நிலத்திலிருந்து தொடங்குகிறது. 'விளை' உப்புக்கு வழங்குவது உருவகமன்று. பருவத்தில் முதிர்ந்து கைக்கொள்ளத்தக்க நிலையை அடைதல் என்னும் அதன் அடிப்படைப் பொருளின் நேரான ஆட்சியே. 'மேனுபேக்சர்' என்னும் சட்டச்சொல் சேகரித்தலையும் உள்ளடக்குமாறு நீட்டப்பட்டபோது, இயற்கைக்குரிய பங்கு வரிக்குரிய பொருளாயிற்று. அதே நேரத்தில் 'விளை' தனித்து நிற்கும்போது உழைப்பவர் காணப்படாமற் போகிறார்.

நற்றிணையும் அகநானூறும் இச்சிக்கலுக்குத் தமிழுக்குள்ளேயே விடையொன்றைக் கொண்டுள்ளன. உப்புக்கு 'விளை' என்னும் வினை, அதன் மக்களுக்கு 'உழவர்' என்னும் பெயர், அவர்களின் தொழிலைக் கூறும் இடத்தில் 'செய்' என்னும் வினை என மூன்றும் அங்கே ஒருங்கு நிற்கின்றன. கோடியக்கரையின் உப்பைப் பற்றி எழுதப்படும் அறிக்கையாயினும் வரலாறாயினும் புனைவாயினும், 'உற்பத்தி' என்னும் ஒற்றைச் சொல்லில் அம்மூன்றையும் கரைத்துவிடுமானால், நிலத்தின் பங்கும் உழைத்தவர் பங்கும் ஒருசேர இழக்கப்படும். வேதாரண்யம், தூத்துக்குடி, மரக்காணம் ஆகிய உப்பளப் பகுதிகளின் தொழில்வழக்கு வினைகளை முறையாகத் தொகுத்து, அவற்றின் தன்வினை, பிறவினை அமைப்பை ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.